நடுவுநிலைமையும் நிலமும்

நிலத்தைப் பற்றிய முடிவுகளில் நடுவுநிலைமை வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை எடுத்தோதாத மேடையும் நம்மிடையே இல்லை. ஆயினும், நாம் அதனைப் பெரும்பாலும் தனிமனிதரின் உள்ளத்துக் குணமாகவே கருதி அமைந்துவிடுகிறோம். நல்ல அதிகாரி வந்தால் நீதி பிறக்கும் என்பது நமது நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணைக் குறைபாடுடையது என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்தின் அண்மைக்கால வரலாறு தெளிவாக்குகிறது.

கொட்டியாரக் குடாவின் மறுகரையில் உள்ளது சம்பூர். வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த அவ்வூர் மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேறினர். செப்டெம்பரில் ஊர் இராணுவத்தின் வசமாயிற்று. டிசெம்பர் இறுதியில், திருகோணமலையில் நிலக்கரி அனல் மின்நிலையம் அமைப்பதற்கு இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பின்னர் அதற்குச் சம்பூரே தெரிந்தெடுக்கப்பட்டது. 2007 மே மாதத்தில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கு ஒதுக்கப்பட்டது; 237 ஏக்கரில் கடற்படை முகாம் எழுந்தது.

பாதுகாப்பு, மின்சாரம், முதலீடு என ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் கூறப்பட்டது. அக்காரணங்கள் யாவும் பொய் என்று நாம் வாதிடவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? நாம் கேட்பது வேறு. நிலத்துக்குரியவர்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் அடைந்து கிடந்த வேளையில் இம்முடிவுகள் எடுக்கப்பட்டன. முடிவு செய்த மேசையில் அவர்களுக்கு இடமிருந்ததா?

2015 மே மாதத்தில் 818 ஏக்கர் பற்றிய அறிவித்தல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மக்கள் மீளக் குடியேறத் தொடங்கினர். கடற்படையின் நிலம் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இறுதியில் நீதி வென்றது என்று சிலர் அமைதி கொள்வர். நாம் அங்ஙனம் கருதவில்லை. மாறியது ஆட்சியேயன்றி முறையன்று. ஒரு ஜனாதிபதியின் கையொப்பம் எடுத்ததை இன்னொரு ஜனாதிபதியின் கையொப்பம் மீட்டுத் தந்தது. கையொப்பத்தால் வந்தது கையொப்பத்தாலேயே போகவும் கூடும்.

2020 ஜூனில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கிழக்கு மாகாணத்தின் தொல்பொருட்களைப் பேண, பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. பழஞ்சின்னங்கள் யாவர்க்கும் பொதுச் சொத்து. அவற்றைக் காத்தல் கடமையே. ஆனால் மக்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தமிழரும் முஸ்லிம்களுமாயிருக்கும் மாகாணத்தில், முதலில் நியமிக்கப்பட்ட உறுப்பினர் பதினொருவரும் சிங்களவர். அவர்களுள் ஒவ்வொருவரும் அப்பழுக்கற்றவர் என்றே கொள்வோம். அப்பொழுதும் அச்சபையின் அறிவு ஒருபக்க அறிவாகவே இருக்கும். அதன்முன் நிற்கும் உழவனுக்கு நம்பிக்கை பிறவாது. பாரபட்சம் உள்ளத்தில் மட்டும் உறைவதன்று, அமைப்பிலும் உறைகிறது.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், எல்லா மாகாண சபைகளின் பிரதிநிதிகளையும் கொண்ட தேசிய காணி ஆணைக்குழுவொன்றுக்கு வகைசெய்தது. அது ஏட்டளவிலேயே நின்றது. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தபின் ஆண்டுகள் பல கழிந்தும் தேர்தல் நடைபெறவில்லை. கேட்பதற்குரிய சபையே இல்லாதவிடத்து எவர் குரல் ஏறும்?

நம்மவர்களையும் விமர்சியாது விடலாகாது. 1965 ஆம் ஆண்டின் டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கை, குடியேற்றத் திட்டங்களில் முதலிடத்தை அவ்வம் மாவட்டத்தின் காணியற்றோர்க்கு அளித்தது. காணியற்றோர் என்ற அச்சொல்லை நம் அரசியலார் பெரும்பாலும் மறந்துவிட்டனர். உறுதி வைத்திருப்பவன் வழக்காடலாம். பிறர் வயலில் கூலி செய்பவளும் கரைவலை இழுப்பவனும் எதனைக் காட்டி உரிமை கேட்பது? தாயகம் என்ற பெருஞ்சொல்லின் நிழலில் இவர்கள் மறைந்துபோதல் கூடாது. மூதூரின் முஸ்லிம் உழவனுக்கும் கந்தளாயின் சிங்கள உழவனுக்கும் இதே நியாயம் உரியது.

ஆகவே நமது கோரிக்கை எளியது. முடிவுக்கு முன்னர், மக்களின் மொழியில் அறிவித்தல் வேண்டும். பயன்பெறும் திணைக்களமே தீர்ப்பளித்தல் ஆகாது. மூவினத்து உழைப்பாளரும் சபையில் அமர வேண்டும். காரணங்கள் எழுத்தில் தரப்பட வேண்டும். மேன்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது. நிலக்கரியினும் கதிரொளி நன்று. எனினும் மேசையில் யார் அமர்ந்தனர் என்ற கேள்விக்கு அது விடையாகாது. வர்த்தமானி அறிவித்தல் வெளியாகும் நாளிலேயே அதனை வாசித்து, வயல்வெளியிலும் வாடியிலும் இருப்போர்க்கு விளக்கி, இக்கேள்வியை அவர்களோடு சேர்ந்து எழுப்புதல் நம் ஆசிரியரும் மாணவரும் இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.