எட்டிப் பார்த்தால் தப்பா?

சீட்டாட்டத்தில் பக்கத்து ஆள் கையை எட்டிப் பார்க்கிறவனுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ஆட்டத்துக்கு அவனுக்குச் சீட்டுப் போடமாட்டார்கள். ஆனால் ஒருத்தர் தன் கையிலிருக்கும் பதின்மூன்று சீட்டையும் ஊருக்கே விரித்துக் காட்டிக்கொண்டு ஆடுகிறார். வேடிக்கை பார்க்கிறவர்களிடம் காசும் வாங்கிக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவன் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் என்கிறார். இதற்கு என்ன செய்வது?

இணைய விளையாட்டு உலகில் பத்து வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து இதுதான். பெயர், ஸ்ட்ரீம் ஸ்னைப்பிங். ட்விட்ச், யூடியூப் மாதிரி தளங்களில் பிரபல ஆட்டக்காரர்கள் தாங்கள் ஆடுவதை நேரலையாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, அவர் ஆட்டம் தேடும் அதே விநாடியில் தானும் பட்டனை அமுக்கி, அதே ஆட்டத்துக்குள் புகுந்து, அவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பதை அவர் திரையிலேயே பார்த்துச் சுடுவது.

எட்டிப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. 1997-ல் வந்த கோல்டன்ஐ ஆட்டத்தில் ஒரே டி.வி. திரையை நாலாகப் பிரித்து நாலு பேர் ஆடுவார்கள். அடுத்தவன் கட்டத்தைப் பார்க்காத உத்தமன் எவனும் இருந்திருக்கமாட்டான். 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்க்ரீன்சீட் என்று ஒன்று வந்தது. அதில் எல்லாருமே கண்ணுக்குத் தெரியாத ஆட்கள். அடுத்தவன் திரையை எட்டிப் பார்த்தால்தான் அவன் எங்கே நிற்கிறான் என்றே தெரியும். திருட்டையே விதியாக்கிவிட்டார்கள்!

காசு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. 2012 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில், தென்கொரியாவின் அஸுபு ஃப்ராஸ்ட் அணிக்காரர் ஒருவர் பார்வையாளர்களுக்காக வைத்திருந்த பெரிய திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டார். அபராதம் 30,000 டாலர். ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே திரும்பிய கழுத்தை கேமரா பார்த்தது. வீட்டில் ரெண்டாவது திரையை வைத்துக்கொண்டு ஆடுகிறவன் கழுத்தை யார் பார்ப்பது? இங்கேதான் சிக்கல்.

2017-ல் பப்ஜி வந்தபோது இது முற்றியது. நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள், கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தான். ஒளிந்துகொள்வதே பாதி ஆட்டம் என்பதால், நேரலையில் ஆடுகிறவர் தன் நெற்றியில் விலாசத்தை எழுதி ஒட்டிக்கொண்டு ஒளிந்தமாதிரிதான். ஸ்ட்ரீம் ஸ்னைப்பிங் குற்றம், தடை உண்டு என்று கம்பெனி அறிவித்தது. அந்த வருஷம் ஜூலையில், ரெண்டு பிரபலங்களைச் சுட்ட ஒரு ஆட்டக்காரருக்குத் தடை விழுந்தது. நான் எந்த நேரலையையும் பார்க்கவில்லை என்றார் அவர். பார்த்தார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரே ஊர் சர்வர், ஒரே நேரம், நூறு பேர். ஒரு பிரபலத்தோடு ரெண்டு மூன்று தடவை மோதுவதற்கு அதிர்ஷ்டம்கூட வேண்டாம், தூக்கம் வராமல் இருந்தால் போதும்.

அதே சமயத்தில் இன்னொரு கூத்து. பிரபலம் ஒளிந்திருக்கும் வீட்டு வாசலுக்கு ஜீப்பில் வந்து சிலர் ஹாரன் அடித்தார்கள். சுடவில்லை. சும்மா ஹாரன். அவருக்குக் கோபம், ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஹாரன் அடிப்பது குற்றமா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். நம்மைக் கேட்டால், தன் இருப்பிடத்தை ஊருக்கே ஒலிபரப்பிவிட்டு ஜெயிக்க நினைக்கிறவன் யார்? அது மோசடி இல்லை, வெறும் வாண்டுத்தனம்.

இந்தச் சண்டையில் ரெண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது என் கட்சி. ஒரு பிரபலத்தோடு மோத ஆசைப்பட்டு அவர் தேடும் நேரத்தில் தானும் தேடுவது ஒன்று. ஆட்டம் தொடங்கிய பிறகும் அவர் திரையைப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதில் என்ன தப்பு? தெருமுனையில் பெரிய ஆட்டக்காரர் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரு பந்து போட்டுப் பார்க்க எவனுக்குத்தான் ஆசை வராது? உச்சப் படிநிலைகளில் ஆடுகிறவர்களே கொஞ்சம் பேர்தான். அங்கே வேண்டாம் என்றாலும் மோதித்தான் ஆகவேண்டும். ரெண்டாவது மட்டும்தான் திருட்டு.

செஸ்ஸில் ஒளிக்க என்ன இருக்கிறது, பலகைதான் ரெண்டு பேர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறதே என்பீர்கள். ஹிகாரு நகமுரா போன்றவர்கள் நேரலையில் ஆடும்போது மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுவார்கள். குதிரையை எதற்கு அங்கே நகர்த்தினார் என்பதை எதிராளியும் கேட்டுக்கொண்டிருந்தால் போச்சு. பலகை திறந்ததுதான், மூளை இல்லையே.

சரி, வைத்தியம் என்ன? தாமதம். ஒளிபரப்பைச் சில நிமிடம் பின்தள்ளிவிட்டால் எட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ட்விட்ச்சில் பங்குதாரர் அந்தஸ்து உள்ளவர்களுக்குப் பதினைந்து நிமிடம்வரை அந்த வசதி இருக்கிறது. 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் கார்ல்சன் பாதியில் விலகிய களேபரத்துக்குப் பிறகு, சின்க்ஃபீல்டு கோப்பைக்காரர்களும் ஒளிபரப்பைப் பதினைந்து நிமிடம்தான் தள்ளிப்போட்டார்கள். போக்கர் ஆடிக் காட்டுகிறவர்கள் தாமதித்துத்தான் காட்டுகிறார்கள். சொந்தக் காசு மேஜைமேல் இருக்கிறதே!

மற்றவர்கள் ஏன் செய்வதில்லை? நான் பி.காம். படித்தவன், எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிகிறது. விற்பது ஆட்டத்தை இல்லை, அரட்டையை. ரசிகர் பணம் அனுப்பி ஒரு வரி எழுதினால் அடுத்த நொடியில் பெயர் சொல்லி நன்றி சொல்லவேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னால் கடையில் ஆள் நிற்காது. 2014-ல் அமேசான் 97 கோடி டாலர் கொடுத்து ட்விட்ச்சை வாங்கியது இந்த உடனடித்தனத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆக, கதவைத் திறந்துவைத்தால்தான் வியாபாரம் என்று தெரிந்தே திறந்துவைக்கிறார்கள். வியாபாரத்தில் இதற்குத் தெரிந்தே ஏற்கும் நஷ்டம் என்று பெயர். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது.

கட்டுகிறார்கள். அதுதான் எனக்கு ஆகவில்லை. 2018 நவம்பரில், ட்விட்ச்சில் ஒரு கோடிப் பேருக்குமேல் பின்தொடர்ந்த நிஞ்ஜா, ஃபோர்ட்நைட்டில் தன்னைச் சுட்ட ஒரு ஆட்டக்காரரைத் திரையைப் பார்த்து ஆடுகிறவர் என்று நேரலையிலேயே குற்றம்சாட்டினார், புகார் செய்வேன் என்றும் சொன்னார். அந்த ஆள் மறுத்தார். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு கோடிப் பேர் பின்னால் நிற்கிற ஒருத்தர், பெயர் தெரியாத ஒருத்தனைத் திருடன் என்று சொன்னால், அவன் எந்த மைக்கில் போய் இல்லை என்று சொல்வான்? தோற்றதற்கெல்லாம் ஸ்னைப்பர் என்று கத்துவது பலருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. நம்மைவிட நன்றாக ஆடுகிறவனும் உலகத்தில் இருப்பான் சார்.

மறுபக்கமும் சுத்தமில்லை. சிலர் ஒரு ஆட்டத்தோடு விடுவதில்லை. ராத்திரி முழுக்கத் துரத்தி, ஒவ்வொரு ஆட்டத்திலும் புகுந்து கெடுத்து, அந்த ஆளைப் பிழைக்கவிடாமல் செய்வார்கள். அதுவும் ஆடுவது பெண் என்றால் கேட்கவே வேண்டாம், குரல் வழியாக வசவும் சேர்ந்து வரும். இதற்கு ஸ்னைப்பிங் என்று விளையாட்டுப் பெயர் வைப்பதே பிசகு. தெருவில் செய்தால் போலீஸ் கூப்பிடுகிற காரியம். ஹாரன் அடித்த வாண்டுகளுக்கு விழுந்த தடை இவர்களுக்கு விழுந்திருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

பையன்கள் யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். பிடித்த ஆட்டக்காரரோடு தாராளமாக மோதப் பாருங்கள். ஆட்டம் கிடைத்துவிட்டதா, அவர் நேரலையை உடனே மூடுங்கள். முடிந்தால் சுடுங்கள். முடித்துவிட்டுப் போய் அவருடைய பழைய பதிவைத் தேடி எடுத்து, நீங்கள் சுட்ட அந்த நொடியில் அவர் முகம் எப்படிப் போனது என்று ஒரு காபி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.