இருபத்தைந்தில் ஒரு பங்கு பீட்டர்பில்ட்

அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகளில் எது அழகு என்று கேட்டால், யோசிக்காமல் பீட்டர்பில்ட் 359 என்று சொல்ல ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. 1967-இல் வந்து 1987 வரை உற்பத்தியில் இருந்த வண்டி. நீண்ட சதுர மூக்கு, நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி, பேனட்டின் இரு பக்கமும் பளபளக்கும் ஏர் கிளீனர் டப்பாக்கள், கேபினுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு புகைக்குழாய்கள். காற்றைக் கிழித்துப் போகும் நளினம் எதுவும் கிடையாது. காற்றோடு மல்லுக்கு நிற்கிற முகம். ஏ.எம்.டி. நிறுவனம் இந்த வண்டியை 1970 வாக்கில் ‘கலிஃபோர்னியா ஹாலர்’ என்ற பெயரில், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் அது மறுபடி மறுபடி வெளிவந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெட்டியில் இருப்பதை இருப்பதுபோலவே ஒட்டி முடித்தால் ஒரு நல்ல லாரி கிடைக்கும். நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. பெட்டியைத் திறந்ததும் ரம்பத்தைத் தேடுகிறவர்களைப் பற்றி. ஒரு கிட்டின் கேபின், இன்னொன்றின் ஸ்லீப்பர் (கேபினுக்குப் பின்னால் ஓட்டுநர் படுக்கும் அறை), மூன்றாவதன் சக்கரங்கள், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டைகள் என்று சேர்த்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு லாரியைக் கட்டுகிறவர்கள். இந்தப் பழக்கத்துக்கு வழிபோட்டதில் ஏ.எம்.டி.க்கும் பங்குண்டு. 1948-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில், கார் டீலர்களுக்கு விளம்பர மாதிரிகள் செய்து கொடுத்துத் தொடங்கிய நிறுவனம் அது. 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று உபரி பாகங்களோடு கார் கிட்டுகளை விற்க ஆரம்பித்தது. உள்ளபடியே கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். மாற்றிக் கட்டுவது தப்பில்லை என்று பெட்டியே சொல்லிவிட்டது.

அலங்கார லாரி மாடல் ஒன்றைப் பார்த்ததும் நான் முதலில் கவனிப்பது நீளத்தை. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சில்களுக்கும் நடுவிலுள்ள தூரம், அதாவது வீல்பேஸ்தான் இந்தக் கலையின் முதல் வாக்கியம். அதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. அமெரிக்க மாநிலங்கள் ஒரு காலத்தில் லாரி, டிரெய்லர் இரண்டும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கு நீண்டால் சரக்கு ஏற்றும் இடம் குறையும். அதனால் இன்ஜினுக்கு மேலேயே கேபினை ஏற்றி வைத்த மொட்டை முக வண்டிகள் பெருகின. மேற்கு மாநிலங்களில் கெடுபிடி குறைவு. நீண்ட மூக்கு அங்கே பிழைத்துக் கிடந்தது. 1982-ஆம் ஆண்டின் தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம் வந்தபின், தேசிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போட முடியாமல் போனது. டிரெய்லரின் நீளம்தான் கணக்கு; இழுக்கிற வண்டி எவ்வளவு நீண்டாலும் கேள்வி இல்லை. சொந்த வண்டி வைத்து ஓட்டியவர்கள் சேசிஸை நீட்டத் தொடங்கினார்கள். சவாரி சொகுசாகும் என்பது ஒரு காரணம். கம்பீரம் என்பது பெரிய காரணம்.

300 அங்குல வீல்பேஸ் கொண்ட நிஜ வண்டி, மாடலில் சரியாக 12 அங்குலம். கிட்டில் வரும் சேசிஸை அதற்கு நீட்ட வேண்டுமானால் இரண்டு நெடுஞ்சட்டங்களையும் அறுக்க வேண்டும். நேராக அறுத்து நேராக ஒட்டினால் அந்த இடத்தில் ஒருநாள் முறியும். தெரிந்தவர்கள் படிவைத்து அறுத்து, உள்பக்கம் பட்டை கொடுத்து ஒட்டுவார்கள். சிலர் கிட்டின் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘ப’ வடிவப் பிளாஸ்டிக் நீளத்தில் புதிதாகவே செய்துகொள்வார்கள். நிஜத்தில் பத்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரமுள்ள சட்டம், மாடலில் 11 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒட்டிக் காய்ந்தபின் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து டயரும் தரையைத் தொடாவிட்டால் மேலே எவ்வளவு மினுக்கினாலும் வீண்.

நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் வித்தியாசம் இதற்குப் பிறகுதான் தெரியும். சேசிஸ் நீண்டால் புரொபெல்லர் ஷாஃப்டும் நீள வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு ஒற்றை ஷாஃப்ட் நிஜத்தில் அதிரும். இரண்டாகப் பிரித்து நடுவில் சென்டர் பேரிங் கொடுப்பார்கள். பேரிங்கைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். பிரேக்குக்கான காற்றுக் குழாய்களும் அதே அளவு நீண்டு, அந்தக் குறுக்குச் சட்டத்தில் கிளிப் போட்டு நிற்க வேண்டும். இதெல்லாம் வண்டிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில். ஒரு மாற்றம் செய்ததும் அது அடுத்து என்ன கேட்கிறது என்று யோசித்தவரின் மாடலில் இவை அத்தனையும் இருக்கும். யோசிக்காதவரின் மாடலில், நீண்ட சேசிஸுக்கு நடுவே பழைய குட்டை ஷாஃப்ட் அந்தரத்தில் முடியும்.

அடுத்து, வெள்ளி நிறம். அலங்கார லாரி என்றாலே குரோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வண்டியில் மினுங்குவது எல்லாமே குரோம் அல்ல. பம்பரும் புகைக்குழாயும் குரோம். சற்றே நீலம் கலந்த, ஆழமான கண்ணாடித்தனம். டீசல் டேங்கும் சக்கரங்களும் பாலிஷ் போட்ட அலுமினியம். வெளிறிய, கொஞ்சம் இளகிய பளபளப்பு. விண்ட்ஷீல்டுக்கு மேலே நெற்றியில் நிற்கும் வைசர் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கிட் கொடுப்பதோ எல்லாவற்றுக்கும் ஒரே முலாம், அதுவும் அச்சுக் கோடுகளின் மேலேயே பூசியது. பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் இடத்தில் வெற்றுப் பிளாஸ்டிக் பல்லிளிக்கும். ஆகவே கைதேர்ந்தவர்கள் முலாம் பூசிய பாகங்களைப் பிளீச் திரவத்தில் ஊறப்போட்டு முலாமையே கழற்றிவிடுகிறார்கள். அச்சுக் கோட்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் உலோகச் சாயத்தை ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லிசாகத் தூவுகிறார்கள். அடியில் உள்ள கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் மேலே மினுக்கம். வைசருக்கும் விளிம்புகளுக்கும் ஒட்டக்கூடிய மெல்லிய உலோகத் தாள் உண்டு. புகைக்குழாய்க்கு நிஜ அலுமினியக் குழாயே நல்லது. பிளாஸ்டிக்கைத் துளைத்து எவ்வளவு மெலிதாக்கினாலும் வாயின் விளிம்பு தடிமனாகவே தெரியும். மூன்று வெள்ளியையும் பிரித்துக் காட்டிய ஒரு மாடலைப் பார்த்துவிட்டால், ஒற்றை முலாமில் நிற்பதைப் பிறகு பார்க்கவே மனம் வராது.

வண்ணப்பூச்சில் அளவுதான் எதிரி. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெயின்ட் ஏறினால், நிஜ வண்டியில் இரண்டரை மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். கதவின் இடுக்குகள் அடைபடும். பீட்டர்பில்ட்டின் கேபின் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்தது. அந்த ரிவெட் தலைகள் பெயின்டுக்கு அடியில் மூழ்கிப்போகும். இணைப்புக் கோட்டுக்குப் பட்டி பார்த்துத் தேய்க்கும்போது அழிந்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட வேண்டும். இதற்கென்றே பிசின் புள்ளிகள் கொண்ட ஒட்டுத்தாள்கள் கிடைக்கின்றன. வரிசை கோணாமல் அவற்றை ஒட்டுவது பொறுமைசாலிகளின் வேலை. மெட்டாலிக் பெயின்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிஜ வண்டிக்கான பெயின்டின் மினுக்குத் துகள், இந்த அளவில் இருபத்தைந்து மடங்கு பெரிதாகக் கண்ணில் குத்தும். துகளை நுணுக்கி அரைத்த சாயமாகத் தேட வேண்டும்.

விளக்குகளில் என் ரசனை பழையது. கேபின் கூரையில் ஐந்து மஞ்சள் விளக்கு என்பது அமெரிக்க விதி. முன்பக்கம் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு. அதற்குமேல் டேங்கின் ஓரம், ஏர் கிளீனர், ஸ்லீப்பரின் அடிவிளிம்பு என்று வரிசையாகச் சேர்ப்பது ஓட்டுநர்களின் ஆசை. ‘சிக்கன் லைட்’ என்று அவர்கள் சொல்வது அதைத்தான். ஒரே சீரான இடைவெளியில் ஒரு வரிசை கண்ணுக்கு இதம். மூன்று வரிசை ஆனால் கோயில் திருவிழா சீரியல் செட்தான். கேபின் முதுகில் தொங்கும் சுருள் குழாய்களோ எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சிவப்பு அவசர பிரேக்குக்கு, நீலம் வழக்கமான பிரேக்குக்கு, கூடவே ஒரு மின்கம்பி. மெல்லிய கம்பியைக் குச்சியில் சுற்றியெடுத்தால் சுருள் தயார். அது எங்கே தொடங்கி எங்கே மாட்டுகிறது என்பதை மாடலைக் கட்டியவர் காட்டியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பிய, ஜப்பானியக் கிட்டுகள் இருபத்துநான்கில் ஒரு பங்கு. அமெரிக்கக் கேபினோடு அவற்றைக் கலந்தால் நான்கு சதவீத வித்தியாசம் வரும். கண்ணாடி, ஹாரன் போன்ற சில்லறைகளில் அது தெரியாது. கேபினும் ஸ்லீப்பரும் ஒட்டும் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். முப்பரிமாண அச்சில் வரும் பாகங்கள் இப்போது இந்தச் சிக்கலைத் தீர்த்துவருகின்றன, அடுக்குக் கோடுகளைத் தேய்த்தெடுக்கப் பொறுமை இருந்தால்.

தொடங்க ஆசைப்படுகிறவர்கள் முதல் பெட்டியைச் செய்முறைக் குறிப்பில் உள்ளபடியே கட்டி முடியுங்கள். எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது என்பது கைக்குப் பிடிபட்டபின், இரண்டாவது பெட்டிக்கு ரம்பத்தை எடுக்கலாம். அதற்கு முன் நிஜ 359-இன் அடிப்பக்கத்தைக் காட்டும் படங்கள் சிலவற்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சித் திடலில் முன்பக்கமிருந்து எடுத்த பளபளப் படங்கள் இந்த வேலைக்கு உதவாது.