புத்திசையும் புதிய அவையும்: சொல்லின் பணி குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

இசையரங்கில் இசைக்கு முன்பே கேட்போரை எட்டுவது சொல்லாகும். படைப்பின் பெயர், நிகழ்ச்சிக் குறிப்பு, அறிமுகவுரை ஆகியன கேட்கப்போவது யாது என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடுகின்றன. பழகிய இசைக்கு இச்சொல் அணியாக அமையும். பழகாத இசைக்கோ அதுவே வாயிலாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டுச் செவ்வியல் இசை, ஓர் அடிப்படைச் சுரத்தை மையமாகக் கொண்ட பழைய அமைப்பிலிருந்து விலகத் தொடங்கியது. அதன்பின் படைப்போருக்கும் கேட்போருக்கும் இடையே தோன்றிய இடைவெளியைக் கடக்கப் பல முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. அம்முயற்சிகளில் சொல் ஆற்றிய பணியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சொல்லை இருவகையாகப் பகுத்துக் காணலாம். பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகள். அவற்றில் வழி சொல்பவன் வழியை மட்டுமே சொல்கிறான்; நடந்து செல்பவன் மற்றவனே. அதுபோலச் செவிக்கு வழிகாட்டி நின்றுவிடும் சொல்லை 'ஆற்றுப்படுத்தும் சொல்' எனலாம். இசைக்கு வெளியிலிருந்து ஒரு கதையையோ உணர்ச்சியையோ கொணர்ந்து அதன்மேல் வைப்பதை 'ஏற்றியுரைக்கும் சொல்' எனலாம்.

1. சொல்லைக் குறைத்த கழகம்

1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் ஆர்னால்டு ஷோன்பெர்க் நடத்திய இசையரங்கு கூச்சலிலும் கைகலப்பிலும் முடிந்தது. அவர்தம் மாணவர் அல்பான் பெர்க்கின் பாடல்கள் இசைக்கப்பட்டபோது அவை கொந்தளித்தது, நிகழ்ச்சியும் முற்றுப்பெறவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1918இல், ஷோன்பெர்க் தனிமுறை இசையரங்குகளுக்கான கழகம் ஒன்றை நிறுவினார். அதன் விதிகள் குறிப்பிடத்தக்கன. கைதட்டலும் எதிர்ப்பொலியும் விலக்கப்பட்டன. இதழ்களில் திறனாய்வு எழுத இடமில்லை. அன்று இசைக்கப்படுவது யாது என்பது முன்னரே அறிவிக்கப்படுவதில்லை. போதிய ஒத்திகைக்குப் பின்னரே படைப்புகள் அரங்கேறின. ஒரே படைப்பு மீண்டும் மீண்டும் இசைக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் 117 அரங்குகளில் 154 படைப்புகள் 353 முறை இசைக்கப்பட்டன. அஃதாவது, ஒரு படைப்பு சராசரியாக இருமுறைக்கு மேல் கேட்கப்பட்டது.

இவ்விதிகளை ஒருங்கே நோக்கினால், ஷோன்பெர்க் புகழ்ச்சி, இகழ்ச்சி, முன்னறிவிப்பு ஆகிய மூன்றையும் அகற்றி, அவற்றின் இடத்தில் 'மறுமுறை கேட்டல்' என்பதை வைத்தார் என்பது புலனாகும். எனினும் இம்முறை உறுப்பினர் என்னும் சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றது. போருக்குப் பிந்தைய பணவீக்கத்தால் 1921இன் இறுதியில் கழகத்தின் வியன்னாப் பணி முடிவுற்றது. செவியைப் பழக்கும் வழியை அது கண்டது. புதியவரை அழைக்கும் வழியைக் காணவில்லை.

2. ஓர் ஆண்டு, இரு குரல்கள்

1958ஆம் ஆண்டு இப்பொருளில் கருதத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட்டின் கட்டுரை ஓர் இதழில் வெளிவந்தது. உயர் கணிதத்தைப் போன்றே புத்திசையும் வல்லுநர்க்குரிய துறை என்பதும், அதனைப் பல்கலைக்கழகங்கள் புரக்க வேண்டும் என்பதும் அவர் கருத்துகள். இசையமைப்பாளரை வல்லுநராகக் காட்டும் தலைப்பையே அவர் தந்திருந்தார். இதழாசிரியரோ அதனை நீக்கிவிட்டு, 'நீங்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன' என்னும் பொருள்பட வேறொரு தலைப்பை இட்டார். கட்டுரையைப் படியாதவரும் அத்தலைப்பைக் கொண்டே பாபிட்டை அளந்தனர். ஏற்றியுரைக்கும் சொல் இசையை மட்டுமன்றி இசை பற்றிய எழுத்தையும் மறைக்க வல்லது என்பதற்கு இது சான்று.

அதே ஆண்டு சனவரியில் லெனார்டு பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையோருக்கான தம் தொலைக்காட்சி அரங்குகளைத் தொடங்கினார். 1972 வரை 53 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. இசையின் பொருள் யாது என்பதே முதல் நிகழ்ச்சியின் வினா. ரிச்சர்டு ஸ்ட்ராஸின் 'டான் குவிக்சாட்' இசைக்கு அவர் வேண்டுமென்றே பொருந்தாக் கதையொன்றைச் சொன்னார். சிறையிலிருக்கும் நண்பனை மீட்க வரும் சூப்பர்மேனின் கதை அது. இசை அக்கதைக்கும் இசைந்தது. பின்னரே உண்மைக் கதையைக் கூறி, இரண்டில் எதுவும் இசையின் பொருளன்று, பொருள் சுரங்களின் இயக்கத்திலேயே உள்ளது என்று தெளிவுபடுத்தினார். சொல்லின் ஆட்சியைச் சொல்லாலேயே தளர்த்திய அருஞ்செயல் இது. கோப்லாந்து, ஸ்ட்ராவின்ஸ்கி, ஷோஸ்டகோவிச் ஆகிய சமகாலத்தோருக்கும் இவ்வரிசையில் தனி நிகழ்ச்சிகள் அமைந்தன.

3. பெயர் தந்த பொருள்

போலந்து நாட்டு இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி 52 நரம்பிசைக் கருவிகளுக்காக 1960-61 காலத்தில் ஒரு படைப்பை எழுதினார். அண்மைச் சுரங்கள் பலவும் ஒருங்கே ஒலிக்கும் அடர்ந்த ஒலித்திரள் அதன் இயல்பு. இசைக்கும் நேரத்தைக் குறித்து, எட்டு நிமிடம் முப்பத்தேழு விநாடி என்பதே அதற்கு முதலில் இட்ட பெயர். பின்னர் அது ஹிரோஷிமாவில் மாண்டவர்க்கான இரங்கலாகப் பெயர் மாற்றம் பெற்று உலகப் புகழ் எய்தியது. இப்பெயரை அறிந்து கேட்பவர் ஒலித்திரளில் வானூர்தியையும் அலறலையும் கேட்கின்றனர். இசையில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்கும் முறையே மாறிவிட்டது. அச்சமூட்டும் புதிய ஒலிக்கு ஒரு நியாயம் கிடைத்ததால் புதிய அவையும் கிடைத்தது. ஆயினும் அவ்வவை கேட்டது ஒலியையா, பெயரையா என்னும் ஐயம் எஞ்சி நிற்கிறது.

அதே நாட்டவரான குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. 1976இல் எழுதப்பட்டு 1977இல் பிரான்சின் ருவாயான் விழாவில் அரங்கேறிய இப்படைப்பைப் புதுமைவாதிகள் எளிமையென ஒதுக்கினர். 1992இல் டான் அப்ஷா பாட, டேவிட் சின்மன் இலண்டன் சின்ஃபோனியட்டாவை நடத்திய ஒலிப்பதிவு வெளிவந்தது. அவ்வாண்டு தொடங்கப்பெற்ற பிரிட்டானியத் தனியார் வானொலி ஒன்று அதனைப் பலமுறை ஒலிபரப்பியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்பனையாயின. சமகாலச் செவ்வியல் இசைக்கு இஃது அரிதினும் அரிது.

இதன் பாடல்கள் மூன்று: 15ஆம் நூற்றாண்டின் மரியன்னை புலம்பல், நாசிக் காவலர்களின் சிறைச்சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதிய வேண்டுதல், மகனை இழந்த தாயைப் பாடும் சிலேசிய நாட்டுப்புறப் பாட்டு. இங்குச் சொல் படைப்பின் உள்ளுறுப்பாகும், வெளியிலிருந்து ஏற்றப்பட்டதன்று. அன்றியும், ஒரே பாடல்வரியை அடுக்கடுக்காக மீட்டுரைக்கும் நரம்பிசையும் மெல்லிய நடையும் கேட்போருக்குப் படைப்பினுள்ளேயே பயிற்சி அளிக்கின்றன. இவ்வகையில் அதன் வெற்றி நேர்மையானதே. எனினும் அதே ஆசிரியரின் பிற படைப்புகளுக்கு அத்தகைய வரவேற்பு வாய்க்கவில்லை. வந்த அவை ஒரு படைப்புக்கே வந்தது, புத்திசைக்கு வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் கொண்டு வெற்றியை அளப்போர் இதனைக் கருத வேண்டும்.

4. தமிழ்ச் செவிக்கு

1941இல் அண்ணாமலைநகரில் மாநாடாக வடிவம் பெற்று, 1943இல் சென்னையில் சங்கமாக நிலைபெற்ற தமிழிசை இயக்கம், பாடலின் சொல் கேட்போருக்குப் புரிய வேண்டும் என வலியுறுத்தியது. அவ்வுரிமைக் குரல் நியாயமானது. ஆனால் சொல் புரிவதும் இசை புரிவதும் ஒன்றல்ல. கோயில் திருவிழாக்களில் இராசரத்தினம் பிள்ளை போன்றோரின் நாகசுவர ஆலாபனையை நெடுநேரம் நின்று கேட்டவர்களுக்குச் சொல் துணையில்லை, குறிப்பேடும் இல்லை. ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே இராகத்தைக் கேட்ட பழக்கமே அவர்களைச் சுவைஞராக்கியது. ஷோன்பெர்க் விதியாக வகுத்ததை இங்கே திருவிழா இயல்பாக வழங்கிற்று எனலாம்.

மேலைப் புத்திசையைத் தமிழில் அறிமுகம் செய்ய விழைவோர்க்கு இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. கலைச்சொற்களை மொழிபெயர்த்து அடுக்குவது போதாது. 'ஒலித்திரள்' என்று சொல்லி நிறுத்தாமல், முதலில் அடர்வைக் கேள், பின் அது மெலிந்து ஒரு சுரமாகக் குவிவதைக் கேள் என்று செவியை ஏவும் உரைநடை வேண்டும். அதன்பின் அதே பகுதியை மீண்டும் இசைத்துக் காட்ட வேண்டும்.

முடிவுரை

ஷோன்பெர்க்கின் கழகம் செவியைப் பழக்கியது, ஆனால் கதவை அடைத்தது. பெயரும் கதையும் கதவைத் திறந்தன, ஆனால் பலரை வாயிலிலேயே நிறுத்தின. பெர்ன்ஸ்டைனின் முறை இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டுகிறது. ஓர் அறிமுகம் நன்றா என்பதை அறிய அளவுகோல் ஒன்றே போதும்: அச்சொல் மறந்த பின்னும் அவ்விசையை மீண்டும் கேட்க வருகின்றாரா, அறியாத அடுத்த படைப்பையும் கேட்க முன்வருகின்றாரா என்பதே அது. அவ்வாறு வருபவரே புதிய அவையினர். ஏனையோர் ஒருநாள் விருந்தினர்.