சாப்பல் வாத்தியார்

காஞ்சிபுரம் போகிறவர்கள் வழக்கமாக மூன்று காரியம் செய்வார்கள். காமாட்சியைக் கும்பிடுவது, வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடுவது, புடவை எடுப்பது. அக்கா பெண் கல்யாணத்துக்காக மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போன மாதம் பிள்ளையார்பாளையம் போனேன். தெரிந்த நெசவாளர் வீடு. புடவையோடு கூடவே கிரெக் சாப்பலும் கிடைப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிபுணர்கள் உட்கார்ந்து, இந்திய அணியின் கோச் இருக்கலாமா, போகலாமா என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தறியில் இருந்த பெரியவர் நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: "சாப்பல் மாதிரி ஒருத்தன் திரும்ப வரணும் சார். அப்பத்தான் இவனுங்க திருந்துவானுங்க."

வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா மகனுக்குச் சுருக்கென்றது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. "மாமா, அந்தாளு பேரை மட்டும் எடுக்காதீங்க. 2007 மறந்துபோச்சா?"

அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணி நேரம் புடவையைப் பற்றி யாரும் பேசவில்லை. வடகலை, தென்கலை வழக்கைத் தலைமுறை தலைமுறையாக நடத்திய ஊர் அல்லவா, ஒரு கட்சியை எடுத்துவிட்டால் லேசில் விடமாட்டார்கள்.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 2005 மே மாதம், ஜான் ரைட் விட்டுப்போன இடத்துக்கு ஆஸ்திரேலியாவின் கிரெக் சாப்பல் வந்தார். ஆடிய காலத்தில் மகா பேட்ஸ்மேன். 87 டெஸ்ட், 24 சதம். அவர் வர வேண்டும் என்று விரும்பியவர்களில் முதல் ஆள் அன்றைய கேப்டன் கங்குலி. வந்த நாலே மாதத்தில், ஜிம்பாப்வே பயணத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. கங்குலி கேப்டனாக இருக்கும் நிலையில் இல்லை என்ற ரீதியில் சாப்பல் கிரிக்கெட் போர்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல், போர்டுக்குப் போன கையோடு பத்திரிகைகளுக்கும் வந்து சேர்ந்தது. கங்குலியின் தலைமை போயிற்று, பிறகு இடமும் போயிற்று. டிராவிட் கேப்டனானார். 2005 நவம்பரில் ஈடன் கார்டன்ஸில் கங்குலி இல்லாத இந்தியா ஆடியபோது, கொல்கத்தா ஜனங்கள் தென்னாப்பிரிக்காவுக்குக் கை தட்டினார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது.

2007 மார்ச்சில் உலகக் கோப்பை. வங்கதேசத்திடம் தோல்வி, இலங்கையிடம் தோல்வி, முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியாயிற்று. ஏப்ரல் 4-ம் தேதி சாப்பல், பதவி நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"போனாரா, போக வெச்சாங்களா?" என்றார் பெரியவர்.

"ரெண்டுமே ஒண்ணுதான் மாமா."

நான் சாப்பல் கட்சியும் இல்லை, கங்குலி கட்சியும் இல்லை. ஆனால் இந்த விவகாரம் பற்றி வந்த புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். கிரிக்கெட்டில் ஒரு கோச்சைப் பற்றி இத்தனை வாக்குமூலங்கள் வந்திருக்குமா என்பது சந்தேகம். சாப்பல் 2011-ல் தன் சுயசரிதையை எழுதினார். சச்சின் புத்தகம் 2014-ல் வந்தது. 2018-ல் கங்குலி, லக்ஷ்மண் இருவரும். 2021-ல் ரெய்னா. வரிசையாகப் படித்தால் ஒரு குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கைப் படிப்பதுபோல் இருக்கும். எல்லோரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வரைபடம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

உலகக் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னால் சாப்பல் தன் வீட்டுக்கு வந்து, டிராவிடிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்று சச்சின் எழுதினார். அப்படி ஒரு யோசனையே எனக்கு இருந்ததில்லை என்று சாப்பல் மறுத்தார். லக்ஷ்மணைப் படித்தால், சர்வதேச அணி ஒன்றை நடத்தும் பக்குவம் சாப்பலுக்கு இல்லை என்பதுதான் தீர்ப்பு. லக்ஷ்மண் கோபப்பட்டு யார் பார்த்திருக்கிறார்கள்? அவரே இப்படி எழுதுகிறார் என்றால் காயம் ஆழமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு ரெய்னாவிடம் வந்தால் வேறு சாப்பல். 2011-ல் நாம் ஜெயித்த உலகக் கோப்பைக்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருவர் என்கிறார் ரெய்னா.

இதில் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. யார் எந்த வயதில் சாப்பலிடம் மாட்டினார்கள் என்று பாருங்கள். ரெய்னா 2005 ஜூலையில், பதினெட்டு வயதில் இந்திய அணிக்கு வந்தவர். அவருக்கு சாப்பல் கதவைத் திறந்துவிட்டவர். சச்சினும் கங்குலியும் லக்ஷ்மணும் அதற்குள் பல வருஷம் நாட்டுக்காக ஆடியவர்கள். அவர்கள் வீட்டுக் கதவை சாப்பல் வெளியிலிருந்து பூட்டப் பார்த்தார். ஒரே ஆள்தான்.

இந்தப் புத்தகங்களில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுதான். எல்லோருமே தனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறார்கள். அணிக்கு நடந்தது ஓரத்தில் நிற்கிறது. இரண்டாவதாக பேட் செய்த ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 17 தடவை ஜெயித்தது அந்தக் காலத்தில்தான். 1971-க்குப் பிறகு வெஸ்ட் இண்டீஸ் மண்ணில் டெஸ்ட் தொடரை வென்றது 2006-ல். தென்னாப்பிரிக்காவில் முதல் டெஸ்ட் வெற்றி, அதே வருஷம் டிசம்பரில், ஜோஹன்னஸ்பர்க்கில். அதில் ஒரு வேடிக்கை. அணிக்குத் திரும்பி வந்து, அந்த மேட்சின் முதல் இன்னிங்ஸில் அவுட்டாகாமல் 51 எடுத்தவர் கங்குலி! சாப்பல் வேண்டாம் என்ற ஆள், சாப்பலின் சாதனைப் பட்டியலுக்கு ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்.

பெரியவர் இதைக் கேட்டு, "பாத்தியா?" என்றார் மருமகனிடம்.

"அதான் நானும் சொல்றேன். அவரை ஏன் தூக்கணும்?" என்றான் அவன்.

நியாயமான கேள்வி. என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். சாப்பல் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். அணிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஃபீல்டிங் மந்தம். பெயருக்காக இடம் என்ற பழக்கம் இருந்தது. 2011 ஏப்ரல் 2-ம் தேதி வான்கடேயில் இறங்கிய பதினொரு பேரில் ரெய்னா, ஸ்ரீசாந்த், முனாஃப் படேல் மூவரும் சாப்பல் காலத்தில் இந்தியாவுக்கு முதலில் ஆடியவர்கள். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது நேர்மை இல்லை.

ஆனால் மருந்து கொடுத்த விதம் இருக்கிறதே! 1981-ல் மெல்போர்னில் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்ய கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும். கேப்டன் சாப்பல் தன் தம்பி டிரெவரிடம், பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதிப்படி தப்பே இல்லை. இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை. விதி புத்தகத்தில் சரி, மனுஷனிடம் தப்பு. இருபத்துநாலு வருஷம் கழித்து இந்தியாவில் அவர் செய்ததும் ஏறக்குறைய அதேதான். கங்குலியின் ஃபார்ம் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதை ஊரே படிக்கும்படி ஆனபிறகு அது கோச்சிங் இல்லை, தண்டோரா.

மின்னஞ்சலைக் கசியவிட்டது சாப்பல் என்று சொல்லவில்லை. அதனால்தான் போர்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாற்றம் வேண்டும் என்று ஆளைக் கூட்டி வந்தார்கள். அவர் எழுதிய கடிதத்தை ஒரு வாரம் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. தோற்றதும் கோச் போனார், போர்டு இருந்தது. ரசிகர்கள் நாமும் கொடும்பாவி கொளுத்தப் போனோமே தவிர, அங்கே யாரையும் கேள்வி கேட்கவில்லை.

அவர் போன ஐந்தாவது மாதம் தோனியின் இளைஞர்கள் டி-20 உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். "பாத்தீங்களா, கோச்சே தேவையில்லை" என்றது ஒரு கட்சி. "அந்தப் பசங்களை வளர்த்ததே அவர்தான்" என்றது இன்னொன்று. ஒருவர் போன பிறகு நடக்கும் நல்லதைக்கூட இரண்டு விதமாகப் பங்கு போட முடியும்.

பேச்சு ஓய்ந்ததும் பெரியவர் தறியைக் காட்டினார். கோர்வைப் புடவை. உடல் பச்சை, கரை அரக்கு. இதற்கு மூன்று நாடா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது.

"கூட ஆள் இல்லையா?" என்றேன்.

"இவன்தான் இருந்தான் சார். நாலு வருஷம். கை அவ்வளவு சுத்தம்."

"ஏன் விட்டுட்டே?" என்று பையனிடம் கேட்டேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தான். "ஒருநாள் கரை கொஞ்சம் வெலகிடுச்சு. சொசைட்டி ஆளுங்க, அக்கம்பக்கம், எல்லாரும் இருக்கும்போது மாமா கத்திட்டாரு. தப்பு எம்மேலதான். தனியா சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. பாவில் அறுந்த இழை ஒன்றைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பையன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"வரேன் மாமா."

"ஞாயித்துக்கிழமை லீவுதானே? வா. கரை மட்டும் கொஞ்சம் போட்டுக் குடு."

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். புடவை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் அதற்கடுத்த வாரம். அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை போனானா என்பது புடவை வந்தால் தெரிந்துவிடும்.