துவர்ப்பில் தெரியும் ஆயுள்

பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் இருக்கிறது போயாக். சரளைக்கல் நிலத்தில் கபர்னே சோவினியோன் திராட்சை செழிக்கும் ஊர். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஓக் பீப்பாயில் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும் சிவப்பு ஒயினைச் சுவைக்க விமர்சகர்களும் வியாபாரிகளும் திரள்கிறார்கள்.

அவர்கள் தேடுவது இருபது ஆண்டு தாங்கும் கட்டுக்கோப்பை.

முதலில் கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து நிறம் பார்ப்பார்கள். இளம் ஒயினின் விளிம்பு ஊதா. முதிர்ந்ததற்குச் செங்கல் நிறம். பிறகு சுழற்றி முகர்வார்கள். ஒரு மிடறை வாயில் உருட்டும்போதுதான் உண்மையான சோதனை. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய டானின், கடுக்காயைக் கடித்ததுபோல் ஈறைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு மட்டும் போதாது. எச்சில் ஊறவைக்கும் புளிப்பும், இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் பழச்சுவையும் வேண்டும். பழச்சுவை மெலிந்திருந்தால், டானின் இளகுமுன்பே ஒயினின் சுவை வற்றிவிடும். துப்பிய பிறகும் நாவில் சுவை நெடுநேரம் நின்றால் நல்ல அறிகுறி.

தேறிய ஒயின் சுமார் 13 டிகிரி செல்சியஸில், இருட்டில், கார்க் காயாதபடி படுக்கவைத்த புட்டியில் உறங்கும். காலப்போக்கில் டானின் மூலக்கூறுகள் பிணைந்து வண்டலாகப் படிய, துவர்ப்பு மென்மையாகிப் புகையிலை வாசமும் பதப்படுத்திய தோலின் வாசமும் எழும். இதே போயாக்கில் 1961-இல் விளைந்த ஷத்தோ லத்தூர் ஒயின், அரை நூற்றாண்டு தாண்டியும் சுவைஞர்களின் பாராட்டைப் பெற்றது.