உட்கார வைக்கும் வித்தை

நட்சத்திர ஆட்டக்காரரைக் களமிறக்க எந்தப் பயிற்சியாளராலும் முடியும். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை வெளியே அழைத்து உட்கார வைக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். கூடைப்பந்தில் அந்த வித்தை கைவந்தவர், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை நெடுங்காலம் நடத்திய கிரெக் பாப்போவிச்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆட்டத்துக்கு 48 நிமிடம், சீசனுக்கு 82 ஆட்டம். அடுத்தடுத்த இரவுகளில் வெவ்வேறு ஊர்களில் ஆட வேண்டியும் வரும். அப்படிப்பட்ட நாட்களில் அணியின் மூத்த நட்சத்திரம் டிம் டங்கனுக்கு அவர் ஓய்வு கொடுத்துவிடுவார். 2012 மார்ச்சில் ஒருமுறை, டங்கன் ஆடாததற்குக் காரணம் 'வயசாகிவிட்டது' என்று ஆட்டக் குறிப்பிலேயே பதிவானது! அதே ஆண்டு நவம்பரில், மயாமி அணியுடனான ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி உட்பட முக்கிய வீரர்கள் நால்வரை ஊருக்கு அனுப்பிவிட்டார். லீக் நிர்வாகம் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. டிக்கெட் வாங்கி ஏமாந்த ரசிகரின் கோபத்திலும் நியாயம் உண்டு.

ஆனால் பலனையும் பார்க்க வேண்டும். மிச்சமான நிமிடங்களில் மாற்று வீரர்கள் தேறினார்கள். 2013-14 சீசனில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை, வெற்றிகளோ 62. இறுதிச்சுற்றில் அதே மயாமியை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள். அப்போது டங்கனுக்கு வயது 38.