டாங்கிள் வாங்குமுன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது என்று கடையில் போய் நின்றால், பெரும்பாலும் கட்டைவிரல் நகம் அளவு யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார்கள். விலை குறைவு, செருகினால் வேலை முடிந்தது. ஆறு வயதான என் விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை பட்டனே மறைந்துபோனபோது அந்தக் குட்டி டாங்கிள், ஆன்டெனா வைத்த பெரிய டாங்கிள், உள்ளே மாட்டுகிற இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கார்டுதான் ஜெயித்தது. ஆனால் பலருக்கு இந்த மூன்றில் எதுவுமே தேவைப்படாது. அந்தக் கதையை முதலில் முடித்துவிடலாம்.

அதே வைஃபையில் செல்போன் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் ரூட்டரைத் திட்டுவதை நிறுத்திவிடலாம். அடுத்து, லேப்டாப்பில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது. கனெக்ட் ஆகியும் இன்டர்நெட் வரவில்லை என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை என்று பொருள். தேதி தப்பாக இருந்தாலும் வங்கித் தளங்கள் முதல் மெயில் வரை எல்லாமே முரண்டு பிடிக்கும்.

ஊர் வைஃபை எல்லாம் தெரிகிறது, நம் வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ரூட்டர் தானாகவே 12 அல்லது 13ஆம் சேனலுக்குப் போயிருக்கும். அமெரிக்காவுக்கென்று தயாரான சில லேப்டாப்கள் அந்த இரண்டு சேனல்களையும் எட்டிக்கூடப் பார்க்காது. அண்ணனோ மாமாவோ அங்கிருந்து வாங்கி வந்து கொடுத்த லேப்டாப் என்றால் இதை அவசியம் சோதியுங்கள். ரூட்டர் செட்டிங்கில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

என்னுடையது இந்த வகை எதிலும் சேரவில்லை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டு என்ற வரியே இல்லை. கூடவே புளூடூத்தும் காணோம். இது முக்கியமான தடயம், ஏனென்றால் பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டும் ஒரே கார்டில்தான் இருக்கின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் முழுதாக அணைவதில்லை. சிக்கிக்கொண்ட கார்டு சிக்கியபடியே கிடக்கும். மின்சாரம் மொத்தமாக வடிந்தால்தான் அதற்குத் தெளியும். எனக்கும் வைஃபை திரும்பி வந்தது; சில நாள் கழித்து மறுபடி போனது. பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓடவிட்டேன். அதிலும் கார்டு தெரியவில்லை. இரண்டு இயங்குதளங்களும் இல்லை என்று சொன்ன பிறகு டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டிரைவர்தான் சிக்கல் என்று தெரிந்தாலும் கவலை வேண்டாம். செல்போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் இன்டர்நெட் வந்துவிடும். அதிலேயே டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

இனி டாங்கிள். குட்டிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும்; வீட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதன் கண்ணில் படாது. பெட்டியில் போட்டிருக்கும் 150 எம்பிபிஎஸ் காகிதக் கணக்கு. அதில் பாதி கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அதன் பக்கத்து போர்ட்டில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வீடியோ கால் திக்க ஆரம்பித்தது. யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது என்று இன்டெல்லே 2012இல் அறிக்கை போட்டிருக்கிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்ததும் கால் சரியானது. அவசரத்துக்கு ஓகே, அன்றாடத்துக்கு வேண்டாம்.

பெரிய டாங்கிள் வேறு ரகம். 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிறது, இரண்டு சுவர் தாண்டியும் சிக்னல் நிற்கிறது. ஆனால் பக்கவாட்டில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் மடியில் வைத்து வேலை செய்ய முடியாது. டிரைவரை ஒரு குட்டி சிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிடி டிரைவ் வைத்த லேப்டாப்பை இப்போது எங்கே போய்த் தேடுவதாம்!

கார்டை மாற்றுவது பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள கார்டை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள். பழைய கார்டைக் கழற்றி, சுத்தம் செய்து திரும்ப மாட்டிப் பார்த்தேன். அதற்கு உயிர் வரவில்லை. புதிய கார்டில் கஷ்டம் அந்த வயர் முனைகள்தான். இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள வளையங்கள். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். நேர் மேலே வைத்து நகத்தால் அமுக்கினால் ‘டிக்’ என்று உட்காரும். சரியாக உட்காரவில்லை என்றால் ரூட்டருக்குப் பக்கத்திலேயே ஒற்றைக் கோடு சிக்னல்தான் காட்டும்.

ஏஎக்ஸ்210 போட்டதும் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தே வந்தன. ரூட்டர் இருக்கும் அறையில் பெரிய டாங்கிளைவிட வேகம்; தூரத்து அறையில் மட்டும் டாங்கிள் ஒரு படி மேல். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 6 கிகாஹெர்ட்ஸை நம்பி வாங்காதீர்கள். அதற்கேற்ற ரூட்டர், விண்டோஸ் 11, அந்த அலைவரிசைக்கு நாட்டின் அனுமதி எல்லாம் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது நம்பரை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். ஆனால் அவை குறிப்பிட்ட இன்டெல் பிராசசர்களோடு மட்டுமே பேசும். ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டினால் அசையாது. சில பழைய லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும், மாடல் பெயரைப் போட்டு அதையும் தேடிப் பார்த்துவிடுங்கள். மெலிதான புது லேப்டாப்கள் பலவற்றில் வைஃபை சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். உங்களுடையது அந்த ரகம் என்றால் பெரிய டாங்கிளையும் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரையும் வாங்கிக்கொள்ளுங்கள்; குட்டி டாங்கிள் கடையிலேயே இருக்கட்டும்.